போர்க்கள வண்டி வீட்டு வண்டியான வரலாறு

தங்கவயல் தமிழர்க்கு எந்திரம் புதிதன்று. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இம்மண்ணில் பொன் அகழும் பணியை மேற்கொண்டபின், வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து ஏர் பிடித்த கையோடு வந்து சேர்ந்த நம் முன்னோர், ஒரு தலைமுறைக்குள்ளாகவே நீராவி எந்திரத்தின் போக்கறிந்தவர்களாயினர். 1902-இல் சிவசமுத்திரத்து மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவைக் கம்பி வழியே கடந்து வந்து சுரங்க எந்திரங்களை இயக்கத் தொடங்கியபோது, மின்சார மோட்டாரின் முறையையும் கற்றுக்கொண்டனர். ஃபிட்டர், டர்னர், வெல்டர் என்னும் சொற்கள் இங்குள்ள லைன் வீடுகளில் தொழிற்பெயர்களாக மட்டும் நின்றுவிடவில்லை. அவை குடும்ப அடையாளங்களாகவே வழங்கின. 1964-இல் பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம் தோன்றி, இங்கே மண்வாரி எந்திரங்கள் செய்யும் ஆலை எழுந்தபோது, அவ்வாலைக்கு வேண்டிய கைத்திறன் இவ்வூரில் ஏற்கெனவே விளைந்து கிடந்தது.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாளோடு சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் நம் பிள்ளைகள் விடியற்கால ரயிலேறிப் பெங்களூர் சென்று பிழைக்கலாயினர். அவர்களுள் பலர் இன்று காலனியில் தம் வீட்டு வாயிலில் உயரமும் அகலமும் கொண்ட குடும்ப வண்டியொன்றை நிறுத்தி வைத்திருக்கின்றனர். எஸ்.யூ.வி. என்று அதனை அழைக்கின்றோம். பொங்கலுக்கும் குலதெய்வ வழிபாட்டுக்கும் தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை எல்லோரையும் ஏற்றிக்கொண்டு சொந்த ஊர் செல்லும் வண்டி அது. அவ்வண்டியின் முன்மூடியைத் திறந்து பார்க்கும் வழக்கம் மட்டும் குறைந்து வருவதை நாம் காண்கிறோம். பாட்டனார் ஸ்பானரோடு வாழ்ந்தவர்; பேரனோ மூடியைத் திறக்கும் கொக்கி எங்குள்ளது என்று தேடுகிறான். ஆதலின், இவ்வகை வண்டி எங்கிருந்து வந்தது, அதனைத் தம் கையாலேயே பேணவும் மாற்றவும் மக்கள் எவ்வாறு கற்றனர் என்பதை இம்மலரில் எழுதுதல் தகும் எனக் கருதினோம்.

மோட்டார் வண்டியை வாங்கியவனே அதன் மருத்துவனாகவும் இருந்தாக வேண்டிய காலம் ஒன்று தமிழகத்தில் இருந்தது. கோவையை அடுத்த கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு அவர்கள், ஆங்கில அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உணவு விடுதியில் வேலை செய்து பொருள் சேர்த்து அதனை வாங்கினார் என்பது பலரும் அறிந்த செய்தி. வாங்கியவர் ஊர்வலம் போகவில்லை. பகுதி பகுதியாகக் கழற்றினார், திரும்பவும் பூட்டினார். அவருக்குக் கல்லூரியாக அமைந்தது அவ்வண்டியே. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கியவர், பின்னர்ப் பெரும் போக்குவரத்து நிறுவனத்தையே நடத்தினார்.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது பெட்ரோல் அரிதாயிற்று. டி. வி. சுந்தரம் ஐயங்கார் அவர்களின் நிறுவனத்தார் அக்காலத்தில் செய்த கரிவாயு அடுப்பைப் பற்றி இங்கு சிறிது விரித்துரைக்க வேண்டும். ஏனெனில், வண்டியில் செய்யும் மாற்றம் என்றால் என்ன என்பதற்கு அதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. வண்டியின் பின்புறத்தில் ஆளுயர இரும்பு உருளை ஒன்றைப் பொருத்தி, அதில் மரக்கரியை இட்டு, போதிய காற்று விடாமல் எரிப்பார்கள். முழுதும் எரியாத கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் எரிவாயு பிறக்கும். அதனைக் குளிரவைத்து, சாம்பல் நீக்கி வடிகட்டி, எஞ்சினுக்குள் செலுத்துவர். வண்டி ஓடும், ஆயினும் பெட்ரோலில் இருந்த வலிமை இராது. மேடு வந்தால் பயணிகள் இறங்கி நடக்கவும் நேரும். ஓட்டுநர் விடியலில் எழுந்து அடுப்பு மூட்டி, விசிறி சுழற்றி, வாயு எழும் வரை காத்திருக்க வேண்டும். அவ்வாயுவோ மணமற்ற நஞ்சு; மூடிய கொட்டகையில் கசிந்தால் உயிருக்கே தீங்கு. இத்தனை தொல்லைகளையும் அறிந்தே மக்கள் அதனை ஏற்றனர். பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் அவ்வடுப்பைக் கழற்றி எறிந்தனர். தேவை பிறந்தபோது மாற்றம் பிறந்தது. தேவை நீங்கியபோது அதுவும் நீங்கியது.

அதே போரில்தான் நம் குடும்ப வண்டியின் மூதாதையும் தோன்றியது. 1940-ஆம் ஆண்டின் நடுவில் அமெரிக்க ராணுவம், நான்கு சக்கரங்களும் உந்தக்கூடிய சிறு வண்டி ஒன்று வேண்டுமெனப் பல கம்பெனிகளுக்கு எழுதிற்று. முதல் மாதிரியைச் செய்து ஒப்படைக்க வேண்டிய கெடுவோ 49 நாட்கள். பென்சில்வேனியாவைச் சேர்ந்த பாண்டம் என்னும் சிறு கம்பெனியே அக்கெடுவுக்குள் மாதிரியைச் செய்து, செப்டம்பர் 23-ஆம் நாள் கொண்டுபோய் நிறுத்தியது. ஆனால் பேரளவில் செய்யும் வாய்ப்பு வில்லிஸ் கம்பெனிக்கும் ஃபோர்டு கம்பெனிக்குமே கிட்டியது. உழைத்தவனுக்குக் கூலியும் வலியவனுக்கு விளைச்சலும் என்பது எந்நாட்டிலும் நடப்பதே போலும்! போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் வெளிவந்தன.

அவ்வண்டியின் சிறப்பு அதன் வேகத்தில் இல்லை. நான்கு சிலிண்டர், 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன், அவ்வளவே. பழுது பார்ப்பதற்கு அது எளிதாக அமைந்ததே அதன் பெருஞ்சிறப்பு. வில்லிஸ் வண்டியின் உறுப்பை ஃபோர்டு வண்டிக்குப் பொருத்தலாம். முன்விளக்குகளைத் தாங்கும் கவசத்தின் திருகைத் தளர்த்தினால், விளக்கை அப்படியே பின்புறமாகத் திருப்பி எஞ்சின் மேல் ஒளி விழச் செய்யலாம். நள்ளிரவில் நடுக்காட்டில் நின்றுவிட்ட வண்டியைத் தன்னந்தனியே ஒரு படைவீரன் சரிசெய்ய வேண்டும் என்பதை வரைபடம் எழுதும்போதே எண்ணியிருக்கின்றனர். இன்று எத்தனையோ லட்சம் கொடுத்து வாங்கும் வண்டியில் ஒரு முன்விளக்கின் பல்பை மாற்ற முன்புறத் தகட்டையே கழற்ற வேண்டியிருக்கும்போது, அந்தப் பழைய திருகின் அருமை நமக்கு நன்கு விளங்குகிறது.

போருக்குப்பின் ஜீப் வீடு நோக்கித் திரும்பியது. 1945-இல் குடிமக்களுக்கான ஜீப்பை வில்லிஸ் கம்பெனி வெளியிட்டது. 1946-இல் முழுதும் எஃகினாலான உடலும் பல இருக்கைகளும் கொண்ட ஸ்டேஷன் வாகனைக் கொண்டுவந்தது. 1949-இல் அதற்கு நான்கு சக்கர உந்துதலும் சேர்ந்தது. குடும்பம் முழுவதும் ஏறிச் செல்லத்தக்க காட்டுவழி வண்டி என்ற எண்ணம் அங்கேதான் உருப்பெற்றது. மக்களோ கம்பெனிகளுக்காகக் காத்திருக்கவில்லை. அமெரிக்கப் படை பிலிப்பைன்ஸ் தீவுகளில் விட்டுச்சென்ற ஜீப்புகளை மணிலா நகரத்தார் வெட்டி நீட்டி, எதிரெதிரே பலகை இருக்கை இட்டு, கூரை அமைத்து, வண்ணம் தீட்டி, ஜீப்னி என்னும் பொதுமக்கள் வண்டியாக்கினர்.

நம் நாட்டில் 1945-இல் தொடங்கப்பெற்று, 1948-இல் மகிந்திரா அண்டு மகிந்திரா எனப் பெயர் பெற்ற நிறுவனம், வில்லிஸ் உரிமத்தோடு பம்பாயில் ஜீப்புகளைப் பூட்டி விற்றது. காவல்துறையும் வனத்துறையும் சர்வே அலுவலர்களும் அவற்றை வாங்கினர். அரசாங்கம் கழித்து ஏலம் விட்டவற்றை ஊரார் வாங்கினர். ஏலத்தில் வந்த ஜீப்பின் கான்வாஸ் கூரை கிழிந்திருக்கும். இருக்கையில் பஞ்சு இராது. அதற்குத் தகரக்கூரை வைத்து, பின்னால் இரு பக்கமும் நீள இருக்கை அமைத்து, கேரியர் கட்டிக் குடும்ப வண்டியாக்கினர் நம்மவர். தேனி மாவட்டத்தில் போடி, கம்பம் பகுதிகளிலிருந்து மலைமேல் உள்ள ஏலத் தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளை இன்றும் காணலாம்.

1973-இல் உலகெங்கும் எண்ணெய் நெருக்கடி மூண்டு பெட்ரோல் விலை ஏறியபோது, அடுத்த பெரிய மாற்றம் நிகழ்ந்தது. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை வைத்தனர். டிராக்டருக்கென அமைந்த எஞ்சின் வழிவந்த டீசல் எஞ்சின் ஜீப்புக்குள் புகுந்தது. பட்டறைக்காரர் இதில் கற்ற பாடங்கள் பல. டீசல் எஞ்சினின் எடை மிகுதி. ஆகவே முன்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகள் தாழும். பட்டை ஒன்று கூடுதலாகச் சேர்க்க வேண்டும். அதன் அதிர்வு மிகுதி. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கட்டைகள் விரைவில் நைந்துபோகும். அது மெதுவாகச் சுழல்வது. பழைய கியர்ப்பெட்டி அதற்கு ஒத்துவராது. ஒன்றை மாற்றினால் ஒன்பதை மாற்ற வேண்டும் என்பதை நம் மெக்கானிக்குகள் புத்தகத்தில் படிக்கவில்லை; கை சுட்டுக் கற்றனர்.

பின்னர் வந்த கதையை அன்பர்கள் தம் கண்ணாலேயே கண்டிருப்பர். 1994-இல் டாட்டா சுமோ வந்தது. அந்நிறுவனத்தின் தலைவராயிருந்த சுமந்த் மூல்காவ்கர் அவர்களின் பெயரிலிருந்து எடுத்த பெயரேயன்றி, ஜப்பானிய மல்லரைக் குறித்தது அன்று. 2000-இல் பொலீரோவும் 2002-இல் ஸ்கார்ப்பியோவும் வந்தன. இவை மூன்றும் ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின்மேல் உடலை ஏற்றி வைத்தவை. அவ்வகையில் ஜீப்பின் நேர் வாரிசுகள். ஆனால் இன்று எஸ்.யூ.வி. என்ற பெயரில் விற்கும் வண்டிகளுள் பெரும்பாலானவற்றில் அச்சட்டம் இல்லை. உடலே சட்டம், சுமையை உடலே தாங்குகிறது. ஜீப்பின் தகட்டை வெட்டினால் சட்டையை வெட்டியது போல. இவ்வண்டியின் தகட்டை வெட்டினால் எலும்பை வெட்டியது போல. பழைய பட்டறைப் பழக்கத்தில் கேரியருக்கும் ஒலிபெருக்கிக்கும் துளையிட முற்படுவோர் இவ்வேறுபாட்டை முதலில் அறிதல் வேண்டும்.

இனி நம் ஊருக்கே உரிய ஒரு பகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது புழுதி.

சயனைடு மேடுகளை அறியாத தங்கவயல் குழந்தை இல்லை. பொன் கலந்த வெண்கல்லை மாவாக இடித்து அரைத்து, சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்தெடுத்தபின், எஞ்சிய பொடியை நூறாண்டுக்கும் மேலாகக் குவித்த குன்றுகள் அவை. காற்று வீசும் மாதங்களில் அப்பொடி எழுந்து வீட்டுக் கூடத்தையும் துணிக்கொடியையும் மூடுகிறது. அதில் மிகுந்திருப்பது குவார்ட்சு என்னும் சிலிக்கா. அது சிலிண்டர் இரும்பினும் கடினமானது. சுரங்கத்தின் அடியில் அதே தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்த நம் பெரியவர்கள் பலர் சிலிக்கோசிஸ் நோயால் நுரையீரல் நைந்து மாண்டதை இவ்வூர் மறந்துவிடவில்லை. எஞ்சினுக்கும் சுவாசம் உண்டு. ஒரு லிட்டர் டீசலை எரிக்க அது பல ஆயிரம் லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறது. அக்காற்றோடு குவார்ட்சுப் பொடி உட்புகுந்தால், பிஸ்டன் வளையமும் சிலிண்டர்ச் சுவரும் உப்புத்தாள் இட்டுத் தேய்த்தாற்போல் தேயும். புகை எழும்; எண்ணெய் குறையும்; வலிமை போகும்.

பழைய ஜீப்பில் இதற்குக் காவலாயிருந்தது ஓர் எண்ணெய்க் கிண்ணம். உள்வரும் காற்று அவ்வெண்ணெயின்மேல் மோதித் திரும்பும். புழுதி எண்ணெயில் படியும். அக்கிண்ணத்தைக் கழற்றி, சேற்றை வழித்து, கோடு வரை புது எண்ணெய் ஊற்றுவது ஓட்டுநரின் வேலை. புழுதி மிகுந்த இடத்தில் அது நாள்தோறும் செய்யும் வேலை. இன்றைய வண்டியில் கிண்ணத்திற்குப் பதில் மடிப்பு மடிப்பான தாள் வடிகட்டி உள்ளது. ஏர் ஃபில்டர் எனப்படும் அதன் பெட்டியைத் திறக்கப் பெரும்பாலும் நான்கு கொக்கிகளைத் தளர்த்தினால் போதும். அதனைத் தண்ணீரில் கழுவுதல் கூடாது. உட்புறமிருந்து வெளிப்புறமாக மென்மையாகக் காற்றடித்து, வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்து, ஒளி தெரியாவிடில் புதியது வைக்க வேண்டும். கம்பெனிக் கையேடு இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் என்று சொல்லும். அதே கையேடு புழுதி மிகுந்த இடங்களில் முன்னதாகவே மாற்றுமாறும் சொல்லும். அவ்விரண்டாவது வரி நமக்காகவே எழுதப்பட்டது என்று கொள்க. இப்பணியைச் செய்ய மெக்கானிக் வேண்டியதில்லை. பள்ளி இறுதி வகுப்புப் பெண்பிள்ளை கால்மணி நேரத்தில் செய்து முடிப்பாள்.

வீட்டிலேயே செய்யத்தக்கவை இவ்வாறு இன்னும் சில உள்ளன. எண்ணெய் மட்டத்தைக் குச்சியால் பார்ப்பதும், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றை அளப்பதும், பேட்டரி முனையில் பூத்த வெள்ளையைத் துடைப்பதும் எவர்க்கும் இயலும். கொதித்த ரேடியேட்டரின் மூடியைத் திறக்கலாகாது. உள்ளிருக்கும் நீர் அழுத்தத்தினால் கொதிநிலையைக் கடந்து நிற்பதாகும். மூடி தளர்ந்த கணமே முகத்தில் சீறும். வண்டியை ஜாக்கியால் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகுவோரையும் நாம் காண்கிறோம். முட்டுக் கொடாத பாறைக் கூரையின்கீழ் நம் பாட்டன்மார் புகுந்ததுண்டா? உறுதியான தாங்குகட்டை இரண்டு வாங்க ஆகும் செலவு பெரிதன்று.

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து விற்கும் வண்டிகள் பி.எஸ். 6 என்னும் புகை விதிக்கு உட்பட்டவை. டீசல் வண்டியாயின் புகைக்குழாயில் கரிப்பொடியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. தன்னிடம் சேர்ந்த கரியை அது தானே எரித்துக்கொள்ளும். அதற்கு வண்டி சிறிது நேரம் நிற்காமல் விரைந்து ஓட வேண்டும். காலனிக்கும் கடைவீதிக்கும் மட்டுமே ஓடும் வண்டியில் அது அடைபட்டு எச்சரிக்கை விளக்கு எரியும். அவ்விளக்கைக் கண்டு அஞ்சி அவ்வடிகட்டியையே வெட்டி எறியச் சொல்லும் பட்டறைகளும் உள்ளன. அது குற்றம், நம் குழந்தைகளின் மூச்சுக்கும் கேடு. பெங்களூர் நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓட்டினால் பெரும்பாலும் தீரக்கூடிய சிக்கல் அது. ஸ்டியரிங்கிற்குக் கீழே உள்ள துளையில் சிறு கருவியொன்றைச் செருகிக் கைப்பேசியிலேயே குற்றக் குறியீட்டைப் படிக்கும் வசதியும் இன்று வந்திருக்கிறது. சங்கத்தின் சார்பில் அத்தகைய கருவி ஒன்று வாங்கி வைத்தால் காலனி முழுவதும் பயன் கொள்ளலாம்.

மாற்றங்களைப் பற்றிச் சட்டம் சொல்வதையும் குறிப்பிடுவோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறுபடும் வண்ணம் வண்டியை மாற்றுதலைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. உடல் ஊனமுற்றோர் ஓட்டுவதற்கேற்ற மாற்றம், முறையான எரிவாயுக் கருவி பொருத்துதல் முதலியவற்றிற்கு அனுமதி பெற வழியுண்டு. முன்புறத்தில் பொருத்தும் இரும்புக் கம்பிக் காப்பை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடுக்கச் சொல்லியது. சட்டம் இருக்கட்டும், அக்கம்பி யாரைக் காக்கிறது? வண்டியின் முன்பகுதி மோதலில் நசுங்க வேண்டும் என்றே அமைந்தது. நசுங்கும்போது அடியின் வேகத்தை அது விழுங்குகிறது. இடையில் இரும்பை வைத்தால் அடி நேரே சட்டத்திற்கும் உள்ளிருப்போர்க்கும் செல்கிறது. காற்றுப்பை விரியும் கணமும் பிறழலாம். எதிரே நடந்து வருபவனுக்கோ அது எமன். பெரிய டயர் போட்டால் வேகமானி உண்மை வேகத்தினும் குறைத்துக் காட்டும். கூரைமேல் மூட்டை ஏற்றினால் ஏற்கெனவே உயர்ந்த வண்டி வளைவில் மேலும் சாயும். கண்ணைப் பறிக்கும் விளக்கு எதிரே வருபவனைக் குருடாக்கி நம்மீதே மோதவைக்கும். இவற்றை மாற்றம் என்பதினும் மணக்கோலம் என்பதே பொருந்தும். கரிவாயு அடுப்பை முதுகில் சுமந்த வண்டி அழகாயில்லை. ஆனால் அது தேவைக்குச் சுமந்தது.

சுரங்கம் நடந்த நாளில் ஆட்களை இறக்கும் கேஜின் கம்பிவடத்தை நாள்தோறும் தகுதி வாய்ந்தவர் சோதித்து, பதிவேட்டில் கையெழுத்திட்டபின்பே ஆட்கள் இறங்கினர். நேற்று நன்றாயிருந்தது என்பது இன்றைக்குச் சான்றாகாது என்பதே அவ்விதியின் கருத்து. பொங்கலுக்கு வி.கோட்டா வழியாக வேலூர்ப் பக்கம் செல்லும் குடும்பங்கள் இதனை நினைவிற்கொள்வது நன்று. பத்தலப்பள்ளி மலைப்பாதையில் பேரணாம்பட்டு நோக்கி இறங்கும்போது ஏழெட்டுப் பேரையும் மூட்டைகளையும் சுமந்த வண்டியின் எடை முழுவதும் பிரேக்கின்மேல் விழுகிறது. மிதித்த கால் எடுக்காமல் இறங்கினால் பிரேக் சூடேறும். பிரேக் எண்ணெய் பழையதாயின் அது காற்றிலிருந்து உறிஞ்சி வைத்த ஈரம் கொதித்து ஆவியாகும். மிதி வெற்றிடத்தில் மிதித்தது போல் கீழே போகும். ஆதலின் அவ்வெண்ணெயை ஈராண்டுக்கொரு முறை மாற்றச் செய்க. அம்மேட்டை எந்தக் கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்குதல் பழைய லாரி ஓட்டுநர் வகுத்த முறை. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், கால் ஓய்வு பெறும். அடிவாரம் சேர்ந்ததும் ஓரமாக நிறுத்தி, குழந்தைகள் தண்ணீர் குடிக்கும் நேரத்தில், சக்கரத்தைத் தொடாமல் அதன் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்க்கலாம். முன்சக்கரங்களில் வலமும் இடமும் ஒரே அளவாகச் சுட்டால் தொல்லையில்லை. ஒன்றில் மட்டும் அனல் வீசினால் அந்தப் பக்கத்துப் பிரேக் விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதனைப் பேரணாம்பட்டிலேயே காட்டிச் சரிசெய்துகொண்டு, பிறகு குடியாத்தம் சாலையில் ஏறுக.